குணமும் நோயும்

போன ஆடி மாதம் என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து மூன்று வார லீவில் வந்திருந்தான். மனநல வைத்தியத்தில் நான்கு வருஷப் பயிற்சியை முடித்துவிட்டான். செப்டம்பரில் பரீட்சை. அதில் தேறினால்தான் நிபுணன் என்று அங்கே ஒப்புக்கொள்வார்களாம். ஊருக்கு வந்தவன் உறவினர் வீடுகளுக்குக்கூடப் போகாமல், கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான். இரண்டாம் நாள் ராத்திரி சாப்பாடு ஆனதும் அதை என் மடியில் வைத்தான்.

"மாமா, உங்களுக்கு இப்ப வேலை ஒண்ணும் இல்லையே? கேள்வியைப் படிங்க. நான் பதில் சொல்றேன். சரியா தப்பான்னு பின்பக்கம் பார்த்துச் சொன்னாப் போதும்."

கதை எழுதுகிறவனுக்கு வேலை ஒன்றும் கிடையாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஏகமனதாக ஒப்புக்கொண்ட விஷயம். நானும் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு முடித்துக்கொண்டவன் நான். புத்தகத்தில் இருந்த இங்கிலீஷில் பாதி லத்தீன். இருந்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது.

மனசைப் பற்றிய புத்தகம் என்றால் ஆசை, துக்கம், பொறாமை என்று நான் பிழைப்பு நடத்துகிற சரக்காக இருக்கும் என்று நினைத்தேன். இருந்ததெல்லாம் நரம்பும் தசையும். எந்த விரல் மரத்துப்போனால் கோளாறு எங்கே, கண்பாவை ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருந்தால் என்ன அர்த்தம், நடை தள்ளாடினால் பழுது சிறுமூளையிலா தண்டுவடத்திலா என்று பக்கம் பக்கமாகப் போயிற்று.

"என்னடா இது? மனசைப் படிக்கிறேன்னு சொல்லிட்டு முழங்காலைத் தட்டிப் பார்த்துக்கிட்டிருக்கியே!" என்றேன்.

அவன் சிரித்தான். அமெரிக்காவில் மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் பரீட்சை வைக்கிற சபை ஒன்றேதானாம். 1934இல் ஆரம்பித்தது. மனநலம் படிக்கிறவன் குறைந்தது இரண்டு மாதமாவது நரம்பியல் பிரிவில் வேலை பார்த்தாக வேண்டும். பரீட்சையிலும் நரம்பியல் கேள்விகள் தவறாமல் வரும். நம் நாட்டிலும் இந்தச் சேர்க்கை உண்டு. பெங்களூரில் 1974இல் உருவான நிம்ஹான்ஸ் என்ற ஸ்தாபனம் தன் பெயரிலேயே மனநலத்தையும் நரம்பு விஞ்ஞானத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது.

"இது எதுக்குன்னா மாமா, மனசு சரியில்லைன்னு எங்கக்கிட்ட கூட்டிட்டு வர்றவங்கள்ல சிலருக்கு மூளையில வியாதி இருக்கும். அதைக் கண்டுபிடிக்காம நாங்க உட்கார்ந்து பேசிக்கிட்டே இருந்தா ஆள் போயிடுவான்."

அப்படிப்பட்டவர்களைத்தான் அந்தப் புத்தகம் வரிசையாக நிறுத்தியிருந்தது. கேள்விகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இன்ன வயசு, ஆணா பெண்ணா, இப்படி இப்படி நடந்துகொள்கிறார் என்று வீட்டார் சொல்கிறார்கள், இது என்ன? படிக்கப் படிக்க ஒவ்வொன்றும் எனக்கு ஒரு கதையின் முதல் பாராவைப் போலத் தோன்றியது.

ஒரு குடிகாரன் தள்ளாடிக்கொண்டு வருகிறான். பேச்சில் குழப்பம், கண்கள் சரியாகத் திரும்பவில்லை. போதை தெளியட்டும் என்று மூலையில் போட்டுவைக்கத்தான் எவனுக்கும் தோன்றும். ஆனால் அது வெர்னிக்கே என்ற ஜெர்மானிய டாக்டர் 1881இல் விவரித்த வியாதியாக இருக்கலாம். பி1 வைட்டமின் வற்றிப்போய் மூளையின் நடுப்பகுதி பழுதாகிற வியாதி அது. உடனே ஊசி வழியாக அந்த வைட்டமினைக் கொடுத்தால் பிழைப்பான். கொடுக்கத் தவறினால் உயிரே போகலாம். உயிர் தப்பினாலும் ஞாபகம் நிற்காது. காலையில் நடந்தது மத்தியானம் நினைவில்லை. அந்தப் பள்ளத்தைத் தனக்குத் தெரியாமலே கதை கட்டி நிரப்புவான். நேற்று எங்கே இருந்தாய் என்று கேட்டால் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன் என்பான். பொய் சொல்கிறோம் என்கிற எண்ணமே அவனுக்கு இராது. கதை கட்டுகிற தொழிலில் இருபது வருஷம் இருந்துவிட்ட எனக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். திடீரென்று மார்க் குறைகிறது. எடுத்ததற்கெல்லாம் கோபம். கையெழுத்து கோணலாகிறது. கெட்ட சகவாசம் என்று தகப்பன் அடிக்கிறான். டாக்டர் கண்ணில் வெளிச்சம் போட்டுப் பார்க்கும்போது கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம். உடம்பில் செம்பு தேங்கி ஈரலையும் மூளையையும் கெடுக்கிற வியாதி. வில்சன் என்பவர் 1912இல் எழுதிவைத்தது. செம்பை வெளியேற்ற மருந்து இருக்கிறது. பிரம்பு அதற்கு மருந்து அல்ல.

இன்னும் ஒருத்தி. இருபது இருபத்திரண்டு வயசு. ஜலதோஷக் காய்ச்சல் மாதிரி வந்தது. பிறகு யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அலறல், தூக்கமின்மை, வலிப்பு, வாயைக் கோணிக்கொண்டே இருத்தல். நம் ஊரில் என்றால் வேப்பிலைதான் முதலில் வரும். இந்த வியாதியை ஜோசப் டால்மாவ் முதலியவர்கள் 2007இல்தான் தெளிவாக அடையாளம் கண்டார்கள். உடம்பின் காவல் சக்தியே வழி தவறி மூளையைத் தாக்குகிறது. பல பெண்களுக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருக்கும். கட்டியை எடுத்து, காவல் சக்தியை அடக்குகிற மருந்தைத் தக்க சமயத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். 2007க்கு முன்னால் இப்படி அலறிய பெண்கள் எத்தனை பேரோ! அவர்களுக்கு யார் யார் என்னென்ன பெயர் வைத்தார்களோ!

இப்படி மூன்று நாள் ராத்திரி பாடம் நடந்தது. நான்காம் நாள் பதினொரு மணிக்கு, அவனுக்குக் கண் சொக்குகிற நேரத்தில், நான் ஒரு கேள்வியைப் படித்தேன். ஐம்பத்தாறு வயசு. வங்கியில் அதிகாரி. ஒரு வருஷமாக ஆள் மாறிவிட்டார் என்று மனைவி சொல்கிறாள். கூட்டத்தில் ஆபாசமாகப் பேசுகிறார். கடையில் பணம் கொடுக்காமல் சாமானை எடுத்துக்கொள்கிறார். இனிப்பாகத் தின்கிறார். மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது அருகில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தார். ஞாபகசக்தியில் குறை இல்லை. இது என்ன?

"உன்மத்தம். மேனியா" என்றான் அரைக் கண்ணோடு.

பின்பக்கம் பார்த்தேன். "தப்பு" என்றேன். ஃப்ரான்டோடெம்பரல் டிமென்ஷியா என்று போட்டிருந்தது.

அவனுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. தலையில் தட்டிக்கொண்டான். "ஆமாம். ஐம்பது தாண்டி முதல் தடவையா மேனியா வர்றது அபூர்வம். அப்பவே மூளையை நினைச்சிருக்கணும். இவர் தூங்காம இல்லை, உற்சாகத்துல குதிக்கவும் இல்லை. நெஞ்சு ஈரம் காய்ஞ்சு போச்சு, அவ்வளவுதான். நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளை கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்குது மாமா. ஆல்ட்ஸைமர்ல முதல்ல ஞாபகம் போகும். இதுல முதல்ல வெட்கம் போகும். நிறையப் பேருக்கு மனநோய்னு தப்பாத்தான் முதல்ல எழுதறாங்க. ஒரு மார்க் போச்சு."

அவனுக்கு ஒரு மார்க் போயிற்று. எனக்குப் போனது வேறு. புத்தகத்தை மூடிவிட்டு, தூக்கம் வருகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். தூக்கம் வரவில்லை.

என் பெரியப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்துச் சாக்குக் கட்டி ஒன்று தவறிப்போய்ச் சட்டைப் பையில் வீட்டுக்கு வந்துவிட்டால் மறுநாள் காலை முதல் வேலையாக அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறவர். ட்யூஷன் பணம் வாங்கமாட்டார். பந்தியில் இரண்டாம் தடவை எதுவும் கேட்கமாட்டார். நாங்கள் பேரன் பேத்தி மட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் சத்தம் போட்டுச் சிரிக்கப் பயப்படுவோம்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயசில் என்னவோ நேர்ந்தது. எனக்கு அப்போது பதினாலு வயசு. ஒரு கல்யாணத்தில், பந்தி போடுவதற்கு முன்பே சமையற்கட்டுக்குள் போய் லட்டுக்களை எடுத்து வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டார். அடுத்து மளிகைக் கடையில் வெல்லம். கடைக்காரர் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தார். ஒரு சாவு வீட்டில் பிணத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு இறந்தவருடைய மூக்கைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார். தினம் மூன்று மணிக்கு ஒரே தெருவில் ஒரே பக்கமாக நடந்து போய் ஒரே கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். பெரியம்மாவுக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது, "காப்பி யார் போடுவா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணக்கு மட்டும் கடைசிவரை தப்பில்லாமல் போட்டார். அதுதான் எங்களை ஏமாற்றியது. கணக்குப் போடத் தெரிகிறவனுக்குப் புத்தி சரியாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம்.

பள்ளிக்கூடத்தில் அவரைத் தாமாகவே விலகிக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தவர்கள் எதிரே சொல்லத்தகாத ஒன்றைச் சொன்னார். என் அப்பா, அண்ணன் எதிரே உட்காரக்கூட யோசிக்கிறவர், எழுந்து நின்று, "இனிமே இந்த வாசல்படி ஏறாதே" என்றார். பெரியப்பா கோபப்படவில்லை. மேஜைமேல் இருந்த கேசரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார். கடைசியில் பேச்சும் நின்றுவிட்டது. பின்கட்டு அறையில் பெரியம்மா ஊட்டுகிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்து, அறுபத்திரண்டாம் வயசில் போனார். வாசல்படி ஏறாதே என்று சொன்ன என் அப்பா கொள்ளிச்சட்டிக்குப் பின்னால் நடந்து போனார்.

இதோடு நின்றிருந்தால் இது எங்கள் குடும்பத்துத் துக்கம். ஆனால் நான் எழுத்தாளனாகிவிட்டேன். இருபத்தைந்து வயசில் அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். ஊருக்கு யோக்கியனாக ஐம்பது வருஷம் நடித்த ஒருவன், வயசாகி நடிப்பு அலுத்துப்போய், வேஷத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன் நிஜச் சொரூபத்தோடு வெளியே வருகிறான் என்பது கதை. எனக்கு முதல்முதலாகப் பெயர் வாங்கிக் கொடுத்த கதை அதுதான். மனித மனத்தின் ஆழத்தை இந்த இளைஞர் தொட்டுவிட்டார் என்று பலர் கடிதம் எழுதினார்கள். பெரியம்மாவும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா அவர் நடிக்கலைடா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பாசம், உண்மையைத் தாங்கமுடியவில்லை என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்கா மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு, "பார்க்காத நோயாளிக்குப் பேர் வைக்கக் கூடாது மாமா. இருந்திருக்கலாம். நீங்க சொல்றதெல்லாம் பொருந்துது. ஆனா ஆளைப் பார்க்காம, படம் எடுக்காம நான் ஆமாம்னு சொன்னா அது வைத்தியம் இல்லை" என்றான். அவன் பரீட்சையில் தேறுவான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவன் போனபிறகும் அந்த விஷயம் என்னை விடவில்லை. வாசகர்களும் என்னோடு கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பெரியப்பாவுக்கு அந்த வியாதி இருந்தது என்று வைத்துக்கொண்டால் நாம் உடனே மன்னித்துவிடுகிறோம். இல்லை என்று வைத்துக்கொண்டால் அதே லட்டு, அதே சிரிப்பு, அதே வார்த்தை எல்லாம் மறுபடியும் குற்றமாகிவிடுகின்றன. நடத்தை ஒன்றுதான். மண்டைக்குள்ளே ஒரு கையகலச் சதை சுருங்கியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தா ஒரு மனிதன் பாவியாவதும் பரிதாபத்துக்குரியவனாவதும் இருக்கிறது?

'அப்படித்தான்' என்று ஒரு கட்சி சொல்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய், இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிகிற பழுதுகள் சில, நாளைக்கு எல்லாப் பழுதும் தெரிந்துவிடும், அப்போது குற்றம் என்ற சொல்லே அகராதியிலிருந்து போய்விடும் என்கிறது. சரித்திரமும் அதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பைத்திய ஆஸ்பத்திரிகளில், தானே சக்கரவர்த்தி, தன்னிடம் கோடி கோடியாகப் பொன் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, நாக்குக் குழறி, கைகால் விழுந்து, செத்துப்போன நோயாளிகள் ஏராளம். கெட்ட நடத்தை என்றார்கள், பரம்பரைச் சீரழிவு என்றார்கள். 1913இல் நோகுச்சி, மூர் என்ற இருவர் அப்படி இறந்தவர்களுடைய மூளையில் மேகநோய்க் கிருமியைக் காட்டினார்கள். 1917இல் வாக்னர்-யாவ்ரெக் என்ற வியன்னா டாக்டர் மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்கி அந்த நோயை அடக்கப் பார்த்தார். அதற்காக 1927இல் நோபல் பரிசும் கிடைத்தது. பிறகு பென்சிலின் வந்தது. ஒரு காலத்தில் வார்டு வார்டாக நிறைந்திருந்த சக்கரவர்த்திகள் மறைந்துபோனார்கள். கிருமி தெரிந்தவுடனே அது மனசின் நோய் என்ற பெயரையும் இழந்தது. காரணம் தெரியாதவரை மனசு, தெரிந்துவிட்டால் மூளை!

ஆனால் இந்தக் கட்சியோடு என்னால் கடைசிவரை போக முடியவில்லை. மூளையில் நடப்பதால் ஒரு செயலுக்கு மனிதன் பொறுப்பல்ல என்றால், கெட்ட செயல் மட்டுமா மூளையில் நடக்கிறது? நல்லதும் அங்கேதானே நடக்கிறது? பெரியப்பா வெல்லம் எடுத்தது அவர் மூளையின் வேலை என்றால், எட்டு வருஷம் பெரியம்மா மலமும் மூத்திரமும் அள்ளி, கஞ்சி ஊட்டி, ஒரு நாளாவது முகம் சுளிக்காமல் இருந்தது அவள் மூளையின் வேலை. அவரை மன்னிப்பதற்காக இந்த வாதத்தைக் கையில் எடுத்தால், அதே கையால் அவளுக்குச் செலுத்த வேண்டிய வணக்கத்தையும் தட்டிப் பறித்தாக வேண்டும். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

ஆகவே மூளை என்ற ஒரு வார்த்தை யாரையும் விடுதலை செய்துவிடாது. விடுதலை செய்வது வேறு. ஒருவனிடம், 'நீ செய்தது தப்பு' என்று சொன்னால் அது அவன் உள்ளே போய்த் தைக்க வேண்டும். தைத்து, அவன் அடுத்த தடவை தன்னை நிறுத்திக்கொள்ளக் கூடியவனாக இருக்க வேண்டும். அந்த வழி திறந்திருக்கிறவரையில் அவன் பொறுப்பாளி. அந்த வழியே இடிந்து விழுந்துவிட்டால், கடிந்துகொள்வது சுவரோடு பேசுவதுதான். என் அப்பா அன்றைக்குச் சொன்ன வார்த்தை யாரைத் தைத்தது? கேசரியை எடுத்துக்கொண்டு போன மனிதரை அது தைக்கவில்லை. சொன்னவரைத்தான் சாகும்வரை தைத்துக்கொண்டிருந்தது.

சட்டம் இந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சம்ஹிதையின் 22ஆம் பிரிவாக இருக்கிறது. சித்தம் கலங்கினவனுக்குத் தான் செய்வது இன்னதென்றோ, அது தப்பு என்றோ தெரிய முடியாமல் இருந்தால்தான் அவன் குற்றவாளி அல்ல. இது 1843இல் இங்கிலாந்தில் மக்நாட்டன் வழக்கை ஒட்டி வகுத்த விதியின் வாரிசு. தெரியுமா தெரியாதா என்பதுதான் அதன் கேள்வி. ஆனால் நான் சொன்ன வியாதியில், திருடுவது தப்பா என்று கேட்டால் நோயாளி 'தப்பு' என்று மணிமணியாகப் பதில் சொல்லக்கூடும். சொல்லிக்கொண்டே எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளவும் கூடும். தெரிகிறது, ஆனால் உறைக்கவில்லை. தெரிவதற்கும் உறைப்பதற்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பது சட்டப் புத்தகத்துக்கு எட்டவில்லை. நம்முடைய மொழிக்கு எட்டியிருக்கிறது. 'அவனுக்கு உறைக்கவே இல்லை' என்று நாம் தினமும்தான் சொல்கிறோம்.

மறுபக்கமும் ஒரு குழி இருக்கிறது. பழுதைக் கண்டவுடனே எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைப்பது. 1848 செப்டம்பரில் அமெரிக்காவில் வெர்மான்ட் பகுதியில் ரெயில் பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்த ஃபினியாஸ் கேஜ் என்ற இருபத்தைந்து வயசு மேஸ்திரியின் கன்னத்தில் நுழைந்து உச்சி வழியாக வெளியேறிற்று, மூன்றரை அடிக்கு மேல் நீளமுள்ள ஓர் இரும்புக் கம்பி. பிழைத்துக்கொண்டான். ஆனால் பொறுப்பான மேஸ்திரி போய், வாய்க்கு வந்ததைப் பேசுகிற, ஒரு தீர்மானத்தில் நிற்காத ஆளாக மாறிவிட்டான் என்று அவனுடைய டாக்டர் ஹார்லோ 1868இல் எழுதினார். வைத்தியப் புத்தகங்கள் எல்லாம் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடும். ஆனால் அதே கேஜ் பிற்பாடு சிலி தேசத்துக்குப் போய்ப் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினான். அந்நிய நாடு, அந்நிய பாஷை, பல குதிரைகள் பூட்டிய வண்டி. அதை ஓட்டுகிறவன் முழுக்கச் சீரழிந்தவனாக இருக்க முடியாது. மண்டையில் ஓட்டை விழுந்தவனும் ஓட்டை மட்டுமே அல்ல. 1966 ஆகஸ்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறி நின்று பலரைச் சுட்டுக்கொன்ற சார்லஸ் விட்மன், இறந்தபின் தன் மூளையைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தான். சோதித்தார்கள். கட்டி ஒன்று இருந்தது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தினம் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவன், எஜமானனுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறான், போலீஸ்காரனைக் கண்டால் அடங்குகிறான். அவனுக்கு நிறுத்திக்கொள்ளத் தெரிகிறது. அவனையும், 'பாவம், மூளைக் கோளாறு' என்று நாம் தடவிக்கொடுக்க ஆரம்பித்தால் அடிபடுகிறவளுக்குத்தான் துரோகம் செய்கிறோம். நிஜமாகவே கோளாறு உள்ளவனாக இருந்தாலும், அடியைத் தடுக்கிற கடமை நமக்குப் போய்விடாது. மன்னிப்பது ஒன்று, காப்பது வேறொன்று. அன்றைக்கு என் அக்காவின் மானத்தைக் காக்க வேண்டியது என் அப்பாவின் கடமைதான். கையைப் பிடித்துப் பெரியப்பாவைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய் உட்கார வைத்திருந்தாலும் அந்தக் கடமை நிறைவேறியிருக்கும். வாசல்படியை அடைக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் நாங்கள் செய்த தப்பு எது? வியாதியின் பெயர் தெரியாதது தப்பு அல்ல. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் டாக்டருக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்தப் பரீட்சைப் புத்தகம் திரும்பத் திரும்ப ஒரே ஒரு பாடத்தைத்தான் சொல்கிறது. வாழ்நாள் முழுவதும் ஒருவிதமாக இருந்தவன் திடீரென்று வேறு விதமாகிவிட்டால், 'இவன் இப்படிப்பட்டவனா!' என்று கேட்காதே, 'இவனுக்கு என்ன ஆயிற்று?' என்று கேள். இதைக் கேட்க லத்தீன் தெரிய வேண்டியதில்லை, படம் பிடிக்கிற யந்திரம் வேண்டியதில்லை. ஐம்பத்து நாலு வருஷத்து நேர்மை அந்த ஒரு கேள்வியைக் கேட்கவைக்கிற அளவுக்காவது எங்களிடம் வரவு வைத்திருக்க வேண்டும். நாங்கள் ஒரு லட்டுக்கு அத்தனை வரவையும் கழித்துவிட்டோம். நானோ ஒரு படி மேலே போய், அந்த ஐம்பத்து நாலு வருஷமும் கள்ளக் கணக்கு என்று எழுதி அச்சிலும் போட்டேன். கடைசியில் வந்ததுதான் நிஜம், முன்னால் இருந்ததெல்லாம் வேஷம் என்று நினைப்பது எழுத்தாளர்களுடைய தொழில் வியாதி. கெட்டதைக் கண்டால்தான் எங்களுக்கு ஆழத்தைத் தொட்டதாகத் தோன்றுகிறது.

தமிழில் நோய் தீர்வதை 'குணமாயிற்று' என்கிறோம். ஒருவனுடைய ஸ்வபாவத்துக்கும் குணம் என்றே பெயர். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த நம் முன்னோர்கள் எந்த அர்த்தத்தில் வைத்தார்களோ, எனக்கு இப்போது ஓர் அர்த்தம் தெரிகிறது. ஆரோக்கியம் என்பது தன் குணத்துக்குத் திரும்பி வருவது. பெரியப்பாவால் திரும்பி வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய குணத்தை ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தது பெரியம்மா ஒருத்திதான்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். எண்பது வயசு. காது கொஞ்சம் மந்தம். புத்தி தெளிவு. சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போய், கடைசியில் சொல்லிவிட்டேன். இப்படி ஒரு வியாதி உண்டு, நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் அதுவாக இருந்திருக்கலாம் என்று. அந்தக் கதையை எழுதியதற்காக அவள் காலைத் தொட்டு மன்னிப்பும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பவே தெரிஞ்சிருந்தா மருந்து இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"இல்லை பெரியம்மா. இன்னைக்கும் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது."

"அப்ப தெரிஞ்சிருந்தாலும் அவர் அப்படித்தான் போயிருப்பார்."

"ஆமாம்."

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஆனா உங்கப்பா வாசல்படி ஏறாதேன்னு சொல்லியிருக்க மாட்டார். தீபாவளிக்குத் தீபாவளி இவர் சட்டையைப் போட்டுக்கிட்டு, 'தம்பி வீட்டுக்குப் போலாமா'ன்னு கேட்பார். எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியாது."

பேச்சு நின்றுபோவதற்கு முந்தின வருஷம்வரையில் கேட்டாராம். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை என்றுதான் மேலே எழுதினேன். அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.